ஒப்புக்கொடுத்தல் சம்பள நாளில் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு ஆராதனையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பதும், கன்வென்ஷன் பந்தலில் "என்னை முழுவதும் ஒப்புக்கொடுக்கிறேன்" என்று கை உயர்த்துவதும் நம் சபைகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் தன் வாழ்க்கையின்மேல் தேவனுக்கு அதிகாரம் கொடுத்தவர் திங்கட்கிழமை காலையில் கடையில், அலுவலகத்தில், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது பிரசங்கத்திலும் வருவதில்லை, நாளிதழ்களின் ஆன்மிகப் பக்கங்களிலும் அபூர்வம். வேதாகமமோ அதைத் தொகையும் நேரமும் குறித்தே சொல்கிறது.

முதலில் பணம். ஒருவரிடம் அநியாயமாக எடுத்ததை உணர்ந்து அறிக்கையிடுகிறவர், முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பித் தர வேண்டும் என்கிறது எண்ணாகமம் 5:7. பத்தாயிரம் ரூபாய் என்றால் பன்னிரண்டாயிரம். யாரிடம் தர வேண்டும் என்பதற்கும் வரிசை உண்டு. நஷ்டப்பட்டவர் முதலில், அவர் இல்லையென்றால் வாங்கத் தகுந்த அவருடைய உறவினர், அப்படி ஒருவரும் இல்லாதபோதுதான் அது ஆசாரியனுக்குப் போகும். இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். பங்காளியின் நிலத்தில் வரப்பைத் தள்ளிப்போட்டவர், மனம் உறுத்தும்போது ஆலயக் கட்டட நிதிக்குப் பெரிய தொகை எழுதுகிறார். பங்காளிக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. வேதம் மூன்றாவதாக வைத்ததை இவர் முதலாவதாக வைத்துக்கொண்டார். காரணம் எளிது: காணிக்கை கொடுத்தால் கைதட்டு கிடைக்கும், பங்காளி வீட்டு வாசலுக்குப் போனால் தலைகுனிய வேண்டும்.

லூக்கா 19இல் வரும் வரி வசூலிப்பவனான சகேயு இந்தச் சட்டத்துக்கும் மேலே போனான். ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22:1 விதித்தது நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு. யாரும் வழக்குப் போடாதபோதே அந்த நாலத்தனையை அவன் தன்மேல் விதித்துக்கொண்டான். ஆஸ்தியில் பாதியையும் ஏழைகளுக்கு என்றான். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகுதான். பணத்தால் இரட்சிப்பை வாங்கினான் என்பது இதன் பொருள் அல்ல. இயேசு அழையாத விருந்தாளியாக அவன் வீட்டுக்குள் வந்ததே கிருபை. கணக்குப் புத்தகம் திறந்தது அதன் விளைவு.

அடுத்தது கூலி. வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24:15. ஏழை அதை நம்பி இருக்கிறார், தாமதித்தால் கர்த்தரை நோக்கி முறையிடுவார் என்று காரணமும் சொல்கிறது. முந்தின வசனத்தில் அந்நியரும் சேர்க்கப்பட்டிருக்கிறார். கட்டட வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்தவருக்கும் இது பொருந்தும். நாள்கூலி என்றால் அன்று மாலை, மாதச் சம்பளம் என்றால் பேசிய தேதி. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு ஒன்றாம் தேதி தர வேண்டியதைப் பத்தாம் தேதி வரை இழுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடாது. அந்தப் பத்து நாளும் அவர் வட்டிக்கு வாங்கியிருப்பார். புடவை நம் தாராளம். சம்பளம் அவருடைய உரிமை.

கடன் கொடுத்தவருக்கும் எல்லை வைக்கிறது அதே அதிகாரம். அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவரட்டும். ஏழையின் அடகு வஸ்திரத்தைப் பொழுது போகும்போது திருப்பிக் கொடு. மாவரைக்கும் ஏந்திரக் கல்லை அடகாக வாங்காதே. வாரத் தவணைக்காக வாசலில் நின்று சத்தம் போடும் இந்தக் காலத்தில், ஆலயத்துக்கு வருகிற வட்டிக்காரர்கள் இந்த வசனங்களை ஒரு முறையாவது நிதானமாக வாசிக்க வேண்டும்.

தினமும் இதைச் சோதித்துப் பார்க்கப் பழைய முறை ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்க இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்த ஆத்தும சோதனை. சீர்திருத்தச் சபையாரும் தாராளமாகப் பின்பற்றலாம். நன்றி சொல்வது, தேவ ஒளியைக் கேட்பது, அன்றைய நாளை எண்ணிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்குத் தீர்மானிப்பது என்று ஐந்து படிகள். கால் மணி நேரம் போதும். படுக்கையில் சாய்ந்துகொண்டு செய்தால் இரண்டாம் படியிலேயே தூக்கம் வந்துவிடும். உட்கார்ந்து செய்ய வேண்டும். "இன்று கோபப்பட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் மறுநாள் ஒன்றும் மாறாது. யாரிடம், எந்த வார்த்தை, எப்போது போய்ப் பேசுவேன் என்பது வரை வந்தால்தான் ஐந்தாம் படி முடியும். மத்தேயு 5:23-24 சொல்வதும் இதையே: காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தேவனுக்குக் கொடுக்கும் அதிகாரத்தைச் சில போதகர்கள் தங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். யாரை மணப்பது, எந்த வேலையை விடுவது, எவ்வளவு காணிக்கை என்று "கர்த்தர் எனக்குச் சொன்னார்" எனக் கட்டளையிடுகிறார்கள். மந்தையை இறுமாப்பாய் ஆள வேண்டாம், மாதிரியாக இருங்கள் என்று மூப்பர்களுக்கு எழுதியவர் பேதுரு. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொன்னவர் பவுல். 1934 மே மாதம், ஹிட்லரின் ஆட்சியில், ஜெர்மனியின் பார்மெனில் கூடிய சபையாரும் இதற்காகவே நின்றார்கள். வாழ்க்கையின் ஏதோ ஒரு பகுதி கிறிஸ்துவுக்கு அல்ல, வேறு எஜமானர்களுக்குச் சொந்தம் என்ற போதனையை அவர்கள் அறிக்கையின் இரண்டாம் பிரிவு தள்ளுகிறது. அந்த எஜமானர் அரசாங்கமானாலும் சரி, மேடையில் மைக் பிடித்தவரானாலும் சரி.

திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடம் செய்கிறார்கள். அதோடு எண்ணாகமம் 5, உபாகமம் 24, லூக்கா 19 ஆகிய மூன்று அதிகாரங்களையும் நடத்தும்படி சபைப் போதகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோரும் அந்த வகுப்பில் உட்காரலாம்.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை