மணி இழுக்கிறான் என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து எழுந்து நடமாடுகிறாய் என்பதுதான் பெரிய சேதி. அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மிச்சப் பக்கமெல்லாம் மகன் உன்னிடம் விட்டுப்போன பொமரேனியன் மணியைப் பற்றிப் புலம்பியிருக்கிறாய். மூன்று கிலோ நாய் உன்னைச் சித்திரை வீதி முனைவரை இழுத்துப் போகிறது என்றால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் புதுக் கால்டீ, விளையாட்டில்லை. கயிற்றை மட்டும் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதே.

நடுவில் போகிறபோக்கில், "வாத்து கத்துகிற மாதிரி இருமுகிறான்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியில்தான் எனக்குப் பயம். பொமரேனியன், பக் மாதிரிச் சின்ன ஜாதிகளுக்கு மூச்சுக்குழாயைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துபோவது உண்டு. கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி அவன் இழுத்தால் குழாய் இன்னும் நசுங்கும். முதலில் மருத்துவரிடம் காட்டு. பட்டை அழகுக்கு இருக்கட்டும், கயிறு அதில் வேண்டாம். கடையில் பாடி பெல்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். நெஞ்சில் ஒய் வடிவத்தில் விழுகிற, தோளை அசைக்க விடுகிற ஒன்றாகப் பார்த்து வாங்கு. கயிறு மெலிசாக ஐந்தாறு அடி போதும். பொத்தானை அழுத்தினால் நீளுகிற சுருள் கயிற்றைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதே. இழுக்க இழுக்க நீளும் கயிறு அவனுக்கு இழுக்கத்தான் சொல்லிக்கொடுக்கும்.

உன் எதிர்வீட்டு மாமா, "நான்தான் தலைவன் என்று காட்டுகிறது" என்றாராக்கும்! அதெல்லாம் ஒன்றுமில்லை. பி.எட். படிக்கும்போது உளவியல் பாடத்தில் விளைவு விதியை மனப்பாடம் செய்தோமே, நல்ல பலன் கிடைத்த செய்கை திரும்பத் திரும்ப வரும் என்று, நினைவிருக்கிறதா? தார்ன்டைக், 1898, கூண்டுக்குள் பூனை. தாழைத் தட்டியதும் கதவு திறந்து மீன் கிடைத்தது, அடுத்த தடவை பூனை சீக்கிரமே தட்டியது. மணி இழுக்கிறான், நீ பின்னாலேயே போகிறாய், அவனுக்குக் கம்பத்தடி கிடைத்துவிடுகிறது. கதை அவ்வளவுதான்.

ஆகவே கயிறு விறைத்ததும் நின்றுவிடு. பதிலுக்கு இழுக்காதே, அதட்டாதே. கொஞ்சம் பொறுத்தால் திரும்பிப் பார்ப்பான், ஓரடி பின்னால் வருவான். கயிறு தொய்ந்த அந்த நொடியே நடக்க ஆரம்பி. அவசரம் என்று ஒருநாள் மட்டும் அவன் பின்னால் ஓடினாயோ, போச்சு. எப்போதாவது பலிக்கிற வழக்கம்தான் லேசில் விட்டுப்போகாது, ஸ்கின்னர் பாடத்தில் வருமே. அவசரமான நாளில் யாரிடமாவது சொல்லி, அவனைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் விடச் சொல்.

முதலில் ரேழியிலும் கூடத்திலும் பழக்கு, பிறகு வாசல், கடைசியில்தான் வீதி. ஒவ்வொரு தரமும் சில நிமிஷம் போதும். உன் இடது கால் ஓரமாக வரும்போதெல்லாம் ஏதாவது கொடு. உங்கள் வீட்டில் கோழி நுழையாது, பனீரைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொள். உன்னால் குனிய முடியாதே! நீளக் கரண்டி நுனியில் கெட்டித் தயிரைத் தடவி, கால் பக்கத்தில் பிடி, அவன் நக்கிக்கொண்டே வருவான். இந்த வரும்படியெல்லாம் அவனுடைய ஒருநாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. திராட்சை, பாயசத்துக்கு வாங்கும் கிஸ்மிஸ் இரண்டும் கூடவே கூடாது. சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

தீனியைவிட எங்கள் சீனிக்கு மோப்பம்தான் பெரிசு. டாஷ்ஹண்ட் இல்லையா, ஜெர்மனியில் வளைக்கரடியைப் பொந்துக்குள் போய்ப் பிடிக்க வளர்த்த ஜாதி. வேலியோரம் கண்டதும் இழுப்பாள், நான் நிற்பேன். கயிறு தொங்கியதும் "போ, மோந்து பார்" என்று நானே கூட்டிப்போவேன். இப்போது வேலி தெரிந்தாலே என் முகத்தைப் பார்க்கிறாள். கயிறு தொங்கினால் எனக்குப் போதும். அணிவகுப்பில் போகிற மாதிரி நாய் காலோடு ஒட்டி நடக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் போலீஸில் சேரட்டும். மோப்பம் பிடிக்கவிடாமல் என்ன நடை?

தெருநாய்கள்தான் உங்கள் பக்கம் தொல்லை. தூரத்தில் பார்த்தவுடனே திரும்பிவிடு, கிட்டே வரட்டும் என்று நிற்காதே. ரேபிஸ் ஊசி போட்ட சீட்டு இருக்கிறதா என்று மகனிடம் கேள். அவ்வளவு முடி உள்ள நாய்க்கு ஸ்ரீரங்கத்து வெயில் ஆகாது, விடியற்காலையிலேயே போய்வந்துவிடு. வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார், உனக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும்.

இங்கே இவருக்குக் கண்புரை எடுத்தாயிற்று. பார்வை தெளிந்த நாள்முதல் வீட்டில் எங்கெங்கே ஒட்டடை இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். கோவையில் மழை விட்டபாடில்லை, சீனிக்கு நனைவதென்றால் ஆகாது, நடை பாதியிலேயே முடிகிறது. ஐப்பசியில் திருச்சியில் ஒரு கல்யாணம் இருக்கிறது, வந்தால் இரண்டு நாள் உன்னோடுதான். இருமலுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் கடிதத்துக்குக் காத்திராமல் போனிலேயே சொல்லிவிடு.

அன்புடன்,
சரோஜா