சுனைச்சரிவுப் புல்வெளித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

நம் கோயிலுக்கு மேலுள்ள சுனைச்சரிவில் சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி இம்மாதம் நிறைவடைந்தது. கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் உரிய சொல்லை மரம் வெட்டும் வேலைக்குச் சூட்டலாமா என்று சிலர் கேட்டனர். அபிஷேக நீர் ஊறும் சுனைக்காகச் செய்த வேலை என்பதால் ‘திருப்பணி’ என்ற சொல்லையே குழு வைத்துக்கொண்டது.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காக வந்து, பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகப் பெருமளவில் நடப்பட்ட சீகை, சோலைகளுக்கிடையே திறந்து கிடந்த புல்வெளிகளை மூடிக்கொண்டே வந்ததால், அப்புல்லை நம்பிய வரையாடு ஒதுங்க நேர்ந்தது. வரையாட்டைக் காக்கத் தமிழக அரசு 2022-ல் 25.14 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது; தமிழகக் கணக்கெடுப்பில் 2024-ல் 1,031 வரையாடுகளும் 2025-ல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. நம் சரிவுக்கும் வரையாடு வந்ததாக எழுதச் சிலர் விரும்பினர். வரவில்லை, எழுதவில்லை. வெட்டிய இடத்தில் நீலகிரி நெட்டைக்காலி என்னும் புல்வெளிப் பறவை நடமாடுவதைப் பூசகர் காட்ட, நாங்களும் பார்த்தோம்.

1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்ற பிறகே கோடரி எடுத்தோம்.

பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதலில் அமர்த்திய ஒப்பந்தக்காரர், குழுவைக் கேளாமல், கழித்த கிளைகளைச் சரிவிலேயே குவித்துத் தீயிட்டுவிட்டார். சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கும். சூடு பட்டால் ஓடு வெடித்து முளைக்கும். அடுத்த மழையில் அந்தச் சாம்பல் வட்டங்களில் கீரைப்பாத்தி போல நெருக்கமாகக் கன்றுகள் எழுந்தன. வேலையாளை மாற்றினோம். எஞ்சிய கிளைகளைத் தீயிடாமல் இறக்கி விறகாகக் கொடுத்தோம். கன்றுகளை மழை ஈரத்தில் கையால் பிடுங்கினால் வேர் முழுதாக வருகிறது. காய்ந்த மண்ணில் இழுத்தால் அறுந்து மீண்டும் துளிர்க்கிறது.

வரவு செலவுக் கணக்கு கோயில் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. மரம் வெட்டும் பணிதான் முடிந்தது. கன்று பிடுங்கும் வேலை ஆண்டுதோறும் மழைக்குப்பின் வரும். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டுகிறோம். சாக்குகளும் கையுறைகளும் மடப்பள்ளித் திண்ணையில் இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு