செல்விக்கு, யாழினி விஷயமா

அன்பு செல்வி,

நல்லா இருக்கியா? உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன், நடுவுல நீ தொண்டை அடைச்சு நிறுத்தினதையும் சேத்துதான். போன்ல பேசினா நீ ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு சொல்ல பாதி விட்டுப்போகும்னுதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமாத்தான் போகும், மாட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு மெதுவா படி.

இங்க எல்லாரும் சௌக்கியம். இவரு ரிட்டயர் ஆனதுல இருந்து மாடித் தோட்டமே கதின்னு இருக்காரு, கத்தரி, வெண்டை, பசலைக்கீரைன்னு காய்ச்சுத் தள்ளுது. பாத்திமா பையன் கல்யாணத்துக்கு உன்னாலதான் வர முடியல. பந்தியில எல்லாருக்கும் பிரியாணி, எனக்குன்னு தனியா தேங்காச் சோறும் கத்தரிக்கா தொக்கும் பண்ணி வச்சிருந்தா, நான் கேக்கவே இல்ல. உன்ன ரொம்ப விசாரிச்சா, முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டா.

இப்ப யாழினி விஷயத்துக்கு வர்றேன். உன் பொண்ணு வீகனா இருக்கணும்னு, அதாவது பால், நெய், தேன், தோல்னு விலங்குல இருந்து வர்ற எதுவும் வேணாம்னு இருக்கா. ஆபீஸ்ல யாரோ பொறந்தநாளுக்குக் குடுத்த பிஸ்கட்ட சாப்பிட்டு அப்புறம் கவரத் திருப்பிப் பாத்தா மில்க் சாலிட்ஸ்னு இருந்துச்சாம், அன்னைக்கு பூரா சாப்பிடலயாம். தீபாவளிக்கு வந்தப்ப நெய் தோசை சுட்ட கல்லுல அவளுக்கு ஊத்திட்டன்னு தட்ட தள்ளிட்டு எந்திரிச்சாளாம். இப்ப என்னடான்னா 'என்னால முழுசா இருக்க முடியல, அரைகுறையா இருக்கறது வேஷம், பேசாம எல்லாத்தையும் விட்டுடறேன்'னு சொல்றா. அவ விட்டா உனக்கு வீட்டுல சண்டை மிச்சம், ஆனா நீ அதுக்கு சந்தோஷப்படாம அழுறியே, அதுதான் செல்வி எனக்கு ரொம்ப நெருக்கமா பட்டுச்சு. பொண்ணு மனசு உடைஞ்சு ஒரு நல்ல விஷயத்த விடறது உனக்கே பொறுக்கல.

நான் பால் விட்டு பல வருஷம் ஆகுது, அதனால உரிமையோட சொல்றேன். அவ கல்லுல இருந்த நெய்க்காக எந்திரிச்சு போனாளே, அதுல எந்த மாட்டுக்கு என்ன லாபம்? நம்ம பாட்டி காலத்துல மடி ஆசாரம்னு இருந்துச்சுல்ல, மேல பட்டா தீட்டு, நிழல் விழுந்தா தீட்டுன்னு. அதுல அவங்க கவனமெல்லாம் தான் சுத்தமா இருக்கோமாங்கறதுலயேதான், அந்தப் பக்கம் நிக்கிற ஆள் என்ன பாடுபடறாங்கன்னு ஒருத்தரும் பாக்கல. யாழினிக்கும் இப்ப பாலு தீட்டு மாதிரி ஆகிட்டு வருது. அவ இதை ஆரம்பிச்சது தன் நாக்கு சுத்தமா இருக்கணும்னா? கன்னுக்குட்டிக்காகத்தான? அப்ப கேக்க வேண்டிய கேள்வி 'நான் சுத்தமா இருக்கேனா'ங்கறது இல்ல, 'என்னால அந்தப் பக்கம் ஏதாவது குறைஞ்சுதா'ங்கறதுதான். அந்தக் கேள்விய வச்சுப் பாத்தா அந்த பிஸ்கட் ஒண்ணுமே இல்ல, மூணு வேளையும் அவ பண்ற மத்ததெல்லாம்தான் கணக்கு.

நீ ஒண்ணு நெனைக்கிற, அவ ஏதோ சென்னைக்குப் போயி யூடியூப் பாத்து இப்படி ஆயிட்டான்னு. இல்ல செல்வி, அது உன் கட்டுத்தறியில இருந்துதான் வந்துச்சு. காளைக்கன்னு பொறந்தா ரெண்டு மாசத்துல யாவாரி வந்து ஓட்டிட்டுப் போறதயும், அப்புறம் ரெண்டு நாள் தாய் மாடு கத்திக்கிட்டே இருக்கறதயும் பாத்து வளந்த புள்ள அது. நீயும் அன்னைக்கெல்லாம் சரியா சாப்பிட மாட்டேன்னு நீதான் என்கிட்ட சொல்லியிருக்க. கன்னு செத்துப்போனா தோல்ல வைக்கோல அடைச்சு மாட்டு முன்னாடி காட்டி கறப்பாங்களே, வைக்கோல் கன்னு, நம்ம சின்ன வயசுல தெருத்தெருவா தூக்கிட்டு வருவாங்க, அந்த மாடு அதையும் நக்கிக் குடுக்கும். எனக்கு அந்த காட்சி இன்னும் மறக்கல. அதனால நீ ஒரு பக்கம் அவ ஒரு பக்கம்னு நெனைக்காத. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதான் வலிக்குது, நீ பொழப்புக்காக அதத் தாங்கிக்கிட்ட, அவளுக்கு தாங்க வேண்டிய கட்டாயம் இல்ல, ஏன்னா நீ அந்த மாட்டு வருமானத்துலதான் அவள படிக்க வச்சு வேலைக்கு அனுப்பியிருக்க. இத அவகிட்டயும் சொல்லத்தான் போறேன்.

ஊர் நெலவரமே அப்படித்தான் இருக்கு. 2019ல எடுத்த கால்நடைக் கணக்கெடுப்புல நாட்டுல மொத்த மாடு 19 கோடிக்கு மேல, அதுல பெண் மாடு மட்டும் 14 கோடியே 50 லட்சம் கிட்ட. பொறக்கறது பாதிக்குப் பாதிதான, அப்ப மிச்ச ஆண் மாடெல்லாம் எங்க? உழவுக்கு டிராக்டர் வந்தாச்சு, வண்டிக்கு டெம்போ வந்தாச்சு, காளைக்குத் தீனி போட எந்த சம்சாரியால முடியும். இப்ப கிடாரிக் கன்னே பொறக்கற மாதிரி சினை ஊசி கூட வந்துருச்சு. நான் பால விட்டதுக்கு காரணம் இதுதான், மாடு வளக்கறவங்க மேல எனக்கு ஒரு துளி கோவமும் கிடையாது. பால் சொசைட்டியில லிட்டருக்கு என்ன குடுக்கறாங்க, புண்ணாக்கு மூட்டை என்ன விலைன்னு உன்கிட்ட கேட்டுக்கேட்டே எனக்கு மனப்பாடம்.

முழுசா முழுசான்னு அவ சொல்றாளே, முழுசுன்னு ஒண்ணு யாராலயும் முடியாது. 1944ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சன்னு ஒரு மரவேலை வாத்தியாரும் சில பேரும் சேந்துதான் இந்த வீகன் சொசைட்டியவே ஆரம்பிச்சாங்க, அந்த சொசைட்டி இன்னைக்கு தர்ற விளக்கத்துலயே முடிஞ்ச அளவுக்கு, நடைமுறைக்கு ஒத்துவர்ற அளவுக்குன்னுதான் இருக்கு. மாத்திரை கேப்சூல எடுத்துக்கோ, அந்த மேல்கூடு பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டெலும்பு தோல்ல இருந்து வர்றது. வைட்டமின் டி3 நெறய ஆட்டு ரோமத்துல இருக்கற கொழுப்புல இருந்து எடுக்கறது. நெறய சாதாரண மாத்திரையில கூட பால்ல இருந்து எடுக்கற லாக்டோஸ் இருக்கும். டாக்டர் எழுதிக் குடுத்தா நான் கேள்வி கேக்காம முழுங்குவேன், யாழினியும் முழுங்கணும், இதுல அவ யோசிக்கவே கூடாது.

கோயில் பிரசாதம் கையில குடுத்தா நான் வாங்கி கொஞ்சம் வாயில போட்டுக்கறேன். பழனி பஞ்சாமிர்தத்துல நெய்யும் தேனும் உண்டு, தெரிஞ்சுதான் ஒரு விரல் நக்கறேன், வேணும்னு டப்பா வாங்கிட்டு வர மாட்டேன். பட்டுப்பூச்சிய கூட்டோட அவிச்சுதான் நூல் எடுக்கறாங்க, பூச்சி ஓட்டை போட்டு வெளிய வந்துட்டா இழை அறுந்துடும்னு. அதனால புதுசா பட்டு எடுக்கறது இல்ல, ஆனா என் கூரப்புடவ பீரோல இருக்கு, அம்மா குடுத்தது, விசேஷத்துக்கு அதத்தான் கட்டறேன். தூக்கிப் போட்டா ஒரு பூச்சியும் உயிரோட திரும்பாது. யாழினி தன்னோட பழைய தோல் செருப்ப குப்பையில போட்டாளாமே, அதத் தேயற வரைக்கும் போட்டுட்டு அடுத்தது ரெக்ஸின்ல வாங்கியிருக்கலாம்.

கடையில பொருள் வாங்கறப்ப பச்சைப் புள்ளிய மட்டும் நம்ப வேணாம்னு சொல்லு, பால் பவுடர், தேன் இதெல்லாம் இருந்தாலும் பச்சைப் புள்ளிதான் போடுவாங்க. 2022ல இதுக்குன்னு ரூல் வந்து தனி முத்திரை இருக்கு, பச்சைக் கட்டத்துக்குள்ள வி எழுத்து, அதோட ஒரு குட்டி இலை. அது இருந்தா சுலபம், இல்லாட்டி நெய், வெண்ணெய், தேனோட மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசின்னு பால்ல இருந்து வர்ற பேரெல்லாம் இருக்கான்னு பாக்கணும். சக்கரைய வெளுக்க எலும்புக்கரி போடுவாங்கன்னு அவ எங்கயோ படிச்சு பயந்திருக்கா, நம்ம ஊர் மில்லுல பெரும்பாலும் கந்தகப் புகை விட்டுதான் வெளுக்கறாங்க, அந்த பயத்த விடச் சொல்லு.

சாப்பாட்டுக்கு நீ ஏன் கவலப்படற, நம்ம சமையல்ல பாதிக்கு மேல மாத்தவே வேணாம். இட்லி, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, பொரியல், சுண்டல், கொழுக்கட்டை, எள்ளுருண்டை, கோவில்பட்டி கடலமிட்டாய் இதுல எங்க பால் இருக்கு? திருநெல்வேலி சொதி தேங்காப்பால்தான். எங்க மதுரையில சாயங்காலம் தள்ளுவண்டியில பருத்திப்பால் விக்கறாங்களே, பருத்திக்கொட்டைய ஊற வச்சு ஆட்டிப் பிழிஞ்சு கருப்பட்டி, சுக்கு போட்டது, அவ இங்க வந்தா முதல்ல அதத்தான் வாங்கிக் குடுப்பேன். பொங்கல், அதிரசத்துக்கெல்லாம் அவ பங்க மட்டும் எண்ணெயில பண்ணு, கல்ல ஒரு துணியால தொடச்சிட்டு அவளுக்கு முதல்ல தோச ஊத்திடு, அவ்ளோதான், தனி கல்லு வேணாம்.

கஷ்டம்னா ரெண்டே எடம், காபியும் தயிரும். ஓட்ஸ் பால் பாக்கெட் இருக்கு ஆனா ஆவின் பாலோட விலைக்குப் பல மடங்கு, அதெல்லாம் தினம் கட்டுப்படியாகாது. நிலக்கடலைய ராத்திரி ஊறப் போட்டு தோல நீக்கி மிக்ஸியில அரைச்சு துணியில வடிகட்டி, அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே கொதிக்க வச்சா பால் ரெடி. காபிக்கு ஊத்தறப்ப கொதிக்கக் கொதிக்க ஊத்தினா திரிஞ்சுரும், கொஞ்சம் ஆற விட்டு டிகாஷன மெதுவா சேக்கணும். அதே பால் வெதுவெதுப்பா இருக்கறப்ப பச்சமிளகாய் காம்ப நாலஞ்சு போட்டு மூடி வச்சா தயிரா உறையும், முதல் ஈடு தண்ணியா இருந்தாலும் அதுல ஒரு கரண்டிய எடுத்து அடுத்ததுக்கு உறை ஊத்தினா நல்லா கெட்டியா வரும். மோர்க்குழம்புக்கு அருமையா இருக்கும். தயிர்சாதத்துக்கு கடலை வாசம் கொஞ்சம் தூக்கும்தான், கடுகு, இஞ்சி தாளிச்சா அடங்கிரும்.

ஒண்ணுல மட்டும் விட்டுக்குடுக்கவே கூடாது, வைட்டமின் பி12. இட்லி மாவு புளிக்கறதுல வரும், கீரையில வரும்னு யாராவது சொன்னா நம்பாத, செடி சாப்பாட்டுல அது நம்பற அளவுக்கு கிடையாது. உடம்புல சேமிப்பு இருக்கறதால உடனே தெரியாது, மெதுவா கை கால் மரமரப்பு, அசதி, மறதின்னு வரும், கவனிக்காம விட்டா நரம்பு கெட்டுப்போகும். வருஷம் ஒரு தடவ ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு டாக்டர் சொல்ற அளவுக்கு மாத்திரை போடணும். தோசைக்கல்லு நெய்க்கு அழற புள்ள இத கண்டிப்பா மறந்திருப்பா, நீ கேளு. கால்சியத்துக்கு கேழ்வரகு போதும், 100 கிராம்ல 340 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, அதே அளவு பால்ல 120 கிட்டதான், முளைகட்டி மாவாக்கி கூழ் காச்சிக் குடு. எள்ளும் முருங்கக்கீரையும் நீயே போடற. கீரையோட எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கச் சொல்லு, இரும்புச்சத்து ஒட்டும்.

இன்னொரு கணக்கும் அவகிட்ட சொல்லு. நாலு பேர் இருக்கற ஒரு வீட்டுல தினம் ஒன்றரை லிட்டர் பால் வாங்கறாங்கன்னு வையி. அத அரை லிட்டரா குறைச்சா வருஷத்துக்கு 365 லிட்டர் குறையுது. அந்த வீட்டுல ஒருத்தர் கூட வீகன் கிடையாது. தனி ஆளா ஒருத்தி ஒரு சொட்டு படாம ஆறு மாசம் இருந்துட்டு வெறுத்துப் போயி திரும்ப பழைய மாதிரி ஆனா எவ்ளோ குறைஞ்சிருக்கும்? தினம் அரை லிட்டர்னு வச்சாலும் தொண்ணூறு லிட்டர் வந்தா பெருசு. அதோட அவள பாத்து கூட இருக்கறவங்களும் 'அய்யோ இது ஆவாத வேல'ன்னு பயந்துருவாங்க. எங்க வீட்டுல நான் யாரையும் ஒரு வார்த்த சொன்னதில்ல, இவரே ஒரு நாள் கடலைப்பால் காபி குடுன்னு கேட்டாரு, இப்ப காலைல அது, சாயங்காலம் ஆவின் பால். பையன் வாரத்துல ஒரு நாள் மட்டும்தான் முட்டை. எனக்கு இதுவே பெரிய சந்தோஷம், மீதியையும் விடுன்னு நான் கேக்கப்போறது இல்ல.

அதனால யாழினி வெளிய போற எடத்துல, அடுத்தவங்க வீட்டுல, தெரியாம வந்துட்டதுல மனச போட்டு ஒழப்பிக்க வேணாம். தன் கையால வாங்கறது, தான் சமைக்கறது, அது தன் பொறுப்புன்னு வச்சுக்கட்டும், நான் அப்படித்தான் வச்சிருக்கேன். ஆபீஸ்ல பிஸ்கட் நீட்டினா வேணாம்னு சிரிச்சுட்டு சொல்லலாம், வாய்க்குள்ள போயிருச்சுன்னா போயிருச்சு.

உன் மாடு ரெண்டையும் என்ன பண்றதுன்னு கடைசியா கேட்டியே, அதுக்கு என்கிட்ட பதில் இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். விக்காத. வித்தா அதுங்க எங்க போகும்னு உனக்கே தெரியும். இருக்கற வரைக்கும் வச்சுக்கோ, கறவை நின்னாலும் வச்சுக்க முடியுமான்னு பாரு, தீவனச் செலவுக்கு யாழினி மாசம் இவ்வளவுன்னு அனுப்பட்டும். பிஸ்கட் கவர படிச்சு அழறத விட அது அந்த மாட்டுக்கு நேரா போயி சேரும், அவளுக்கும் நாம ஒண்ணு பண்றோம்னு இருக்கும். அடுத்த சினை ஊசி போடணுமா வேணாமாங்கறத நீயும் மாப்பிள்ளையும் அவளும் சேந்து உக்காந்து பேசுங்க, சத்தம் போடாம.

பொங்கலுக்கு அவள இங்க அனுப்பு, லீவு எத்தன நாள்னு மட்டும் சொல்லு, நான் ஊற போட வேண்டியத போட்டு வைக்கணும். முடிஞ்சா நீயும் வா, அந்த ரெண்டு நாளைக்கு கறவைய பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாரு. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தியா இல்லயா, அதப் பத்தி நீ ஒரு வார்த்தையும் சொல்லல.

உன்,
விஜி