கல்லீரல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திசு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் புற்றுநோயை ஊசி குத்தாமல், ஸ்கேன் மூலமே உறுதிசெய்துவிட முடிவதால் இனித் திசுப் பரிசோதனைக்கு வேலையில்லை என்ற பொருள்படத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிகிச்சையைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவரின் கல்லீரலில் தோன்றிய கட்டி, சாயம் செலுத்தி எடுத்த ஸ்கேனில் முதலில் பளிச்சென்று தெரிந்து, பிறகு சுற்றியுள்ள திசுவைவிட மங்கினால், பெரும்பாலும் வேறு சோதனை தேவைப்படுவதில்லை. ரத்தக்கசிவுக்கும், அரிதாக ஊசி சென்ற வழியில் புற்றுச் செல்கள் ஒட்டிக்கொள்வதற்கும் அஞ்சி மருத்துவர்கள் தயங்குவதும் நியாயமே.

ஆனால், பல ஆண்டுகள் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிச் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில், நல்ல கல்லீரலின் செல்கள் ஒன்றிரண்டு அடுக்கு வரிசைகளாக நிற்க, ஒவ்வொரு வரிசைக்கும் கரை கட்டியதுபோல் செல்களைத் தாங்கும் ரெட்டிக்குலின் என்ற மெல்லிய கரிய இழைகள் ஓடும். புற்றில் பெரும்பாலும் வரிசைகள் தடித்து, இழைகள் அறுந்து, பித்தநாளத் துணையில்லாத தமனிகள் மட்டும் தனியே தென்படும். ஸ்கேனில் கட்டி பளிச்சிடுவதற்கே அந்தத் தமனிகள்தான் காரணம். அஃப்லடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு, புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் 249ஆம் இடத்தில் விட்டுச்செல்லும் தடம் 1991இல் தெரியவந்ததும், சிரோசிஸ் இல்லாத இளவயதினரைத் தாக்கும் ஃபைப்ரோலாமெல்லர் வகையில் இரு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பது 2014இல் தெரியவந்ததும் கட்டியின் திசுவை ஆராய்ந்ததால்தான்.

2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 8.66 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. ஆய்வகங்களுக்கு வரும் திசுவோ பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு உகந்தவர்களுடையது. அதாவது, கட்டி பரவாமலும் கல்லீரல் ஓரளவு நன்றாகவும் உள்ளவர்களுடையது. நோய் முற்றி வந்து மருந்தை மட்டுமே நம்பியிருப்பவர்களின் கட்டி எப்படிப்பட்டது என்பதை, அவர்களுக்கான மருந்தைத் தேடும் நாமே குறைவாகத்தான் பார்த்திருக்கிறோம்.

எல்லோருக்கும் ஊசி குத்தச் சொல்லவில்லை. மருந்துச் சிகிச்சை தொடங்கவிருப்பவர்களில், ரத்தம் உறையும் தன்மை போதிய அளவு உள்ளவர்களிடம் விளக்கிச் சொல்லி, மனமுவந்து தரும் ஒப்புதலுடன் சிறு துண்டு எடுக்கலாம். கட்டியோடு, அதையொட்டிய புற்றில்லாத திசுவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். எடுத்ததைப் பாழாக்காமலும் இருக்க வேண்டும். வெட்டப்படாமல் முழுதாக, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடப்பட்டு, அது உள்ளே இறங்காததால் நடுப்பகுதி சிதைந்துபோன பெரிய கட்டிகள் என் மேசைக்கும் வந்ததுண்டு. ஓரத்தைத் தவிர எதையும் படிக்க முடியாது. நோயாளி தந்ததை நாமே வீணடித்தோம் என்ற உறுத்தல் எனக்கு இன்னும் உண்டு.

திசுப் பரிசோதனைக்கு வேலையில்லை என்ற பொருள் தரும் தங்கள் கட்டுரையின் அந்த வரியை மட்டும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர்