ஃபைல் அங்கேதான் இருக்குது, பங்காளி

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து நாலு நாளாச்சு. வாய்க்காலில் தண்ணி விட்டதிலிருந்து காட்டு வேலை நெருக்குது, அதான் தாமதம். நோம்பிக்கு வரலைன்னு அம்மா கோவிச்சுக்கிட்டு இருக்கறதா எழுதியிருந்தே. பொங்கலுக்கு நேரில் வந்து சமாதானம் சொல்லிக்கறேன். திருப்பூரில் மழை எப்படி?

இனி உன் சர்வர் விஷயம்: வெப் பக்கங்களைக் கொடுக்கற அப்பாச்சி சர்வரில், பழைய பொட்டியிலிருந்து கொண்டு வந்த மாட்யூல் (பாஸ்வேர்டை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் சரிபார்க்கற கூடுதல் ஃபைல்) புது மெஷினில் ஏறமாட்டேங்குது. நீ எழுதி அனுப்பின எர்ரரை இன்னொருக்கா நிதானமாப் படி: "கேனாட் லோட் மாட்யூல்ஸ்/மாட்_ஆத்_மைஎஸ்க்யூஎல்.எஸ்ஓ இன்டு சர்வர்: லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்.எஸ்ஓ.16: கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி." 'பட்டியல் காட்டற எல்எஸ் போட்டா ஃபைல் அங்கேதான் இருக்குது, இது என்ன உளறுது'ன்னு கேட்டிருக்கே. உளறலை. 'இன்டு சர்வர்'ங்கறதுக்கு அடுத்து, ரெண்டு கோலனுக்கு நடுவில் நிற்கற பேரைப் பாரு. அங்கே உன் மாட்யூலோட பாதையே இருந்திருந்தா மாட்யூலைக் காணோம்னு அர்த்தம். வேற பேர் இருக்கறதால, மாட்யூலைத் திறந்தாச்சு, அது கூப்பிடற லைப்ரரியைத்தான் (பல புரோகிராம்கள் பொதுவா எடுத்துக்கற கோட் ஃபைல்) காணோம். வரி நீளம்கறதால பாதிப் பேர் முதல் பாதியோட நிறுத்திக்கறாங்க.

நம்ம வாய்க்கால் மாதிரிதான். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னா தலைமதகிலிருந்து ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டு வருவோமில்ல, அப்பாச்சியும் அந்த வரிசையில்தான் போகுது. முதலில் ஃபைலைத் திறக்கும். அப்புறம் 32 பிட்டா 64 பிட்டான்னு தலைப்பைப் படிக்கும், ஒத்துவரலைன்னா 'ராங் எல்ஃப் கிளாஸ்'னு நிறுத்திரும். பிறகு லைப்ரரிகள், பிறகு சிம்பல்கள் (ஃபங்ஷன்களோட பேர்கள்), கடைசியா மாட்யூலோட கையெழுத்து (எந்த அப்பாச்சிக்குக் கட்டினதுங்கற அடையாளம்). உனக்கு லைப்ரரியில் நின்னிருக்குது. அப்படின்னா பாதை சரி, பர்மிஷன் சரி, பிட் சரி. அந்த மூணையும் திரும்பத் தோண்டாதே.

எது எது காணோம்னு ஒரே அடியில் பார்க்க, எல்டிடி கமாண்டுக்கு மாட்யூல் ஃபைலோட பாதையைக் கொடு. 'நாட் ஃபவுண்ட்'னு வர்ற வரிகள்தான் கணக்கு. மைனஸ் ஆர் சேர்த்துப் போட்டா 'ஏபி_'னு ஆரம்பிக்கற சிம்பல்கள் கிடைக்கலைன்னு ஒரு பட்டியலே கொட்டும். பயப்படாதே, அதெல்லாம் ஓடற ஹெச்டிடிபிடிங்கற அப்பாச்சி புரோகிராமுக்குள்ளேயே இருக்கறது.

இப்ப உன் கை எங்கே போகும்னு எனக்குத் தெரியும்: புது மெஷினில் இருக்கற லைப்ரரி .21-க்கு .16-ன்னு ஒரு சிம்லிங்க் (அதே ஃபைலைக் காட்டற இன்னொரு பேர்). வேண்டாம். 16ங்கறது மைஎஸ்க்யூஎல் 5.1 காலத்து எண். 21ங்கறது 8.0-வோடது. லிங்க் போட்டாலும் 'லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்_16 வெர்ஷன் கிடைக்கலை'ன்னு அடுத்த வரியில் நிற்கும். பழைய லைப்ரரியையே தேடிக் கொண்டாந்து வெச்சாலும் அடுத்த மதகு அடைப்புதான். உன் பழைய பொட்டி சென்ட்ஓஎஸ் 6, அதில் அப்பாச்சி 2.2. புதுசில் 2.4. பழைய ஆத் (பாஸ்வேர்டு கேட்கற) மாட்யூல்கள் நிறைய 'ஏபி_ரிக்வயர்ஸ்'ங்கற ஃபங்ஷனைக் கூப்பிடும், 2.4-ல் அதை எடுத்துட்டாங்க. அதனால 'அன்டிஃபைன்ட் சிம்பல்'னு வரும்.

அதையும் தாண்டினாத்தான் கையெழுத்து. 'கார்பிள்ட், எக்ஸ்பெக்டட் சிக்னேச்சர் 41503234 பட் சா 41503232'ன்னு ஒரு எர்ரரைப் பார்த்திருப்பே. அது ஏதோ மந்திர எண் இல்லை, ஆஸ்கி எழுத்துதான். 41 ஏ, 50 பி, 32 ரெண்டு, 34 நாலு. 'ஏபி24' வேணும், 'ஏபி22' வந்திருக்குது, அவ்வளவுதான். 2.2-க்குக் கட்டின மாட்யூல் 2.4-ல் ஏறாதுங்கறதை இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது. ஏத்துறதுக்குக் குறுக்கு வழியும் இல்லை. சோர்ஸிலிருந்து திரும்பக் கட்டணும், இல்லைன்னா மாட்யூலையே விடணும்.

விட்டுருன்னுதான் சொல்லுவேன். சோர்ஸ் கையில் இருந்து, ஹெச்டிடிபிடி-டெவெல் பேக்கேஜ் போட்டு ஏபிஎக்ஸ்எஸ்-ல் கட்டினாலும், 'ரிமோட்_ஐபி'ங்கற மெம்பர் இல்லைன்னு கம்பைலர் திட்டும் (2.4-ல் அது 'கிளையன்ட்_ஐபி' ஆயிருச்சு). அதைத் திருத்தினா 'ஏபி_ரிக்வயர்ஸ்' இருந்த இடத்தைத் திருப்பி எழுதணும். பாஸ்வேர்டு கேட்கற ஒரு கதவுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. டேட்டாபேஸில் பாஸ்வேர்டு பார்க்கற மாட்_ஆத்ன்_டிபிடி அப்பாச்சியோடவே வருது, அதே போதும்.

செய்ய வேண்டியது இது. கான்ஃபிக் ஃபைலில் மாட்யூலை ஏத்தற பழைய லோட்மாட்யூல் வரிக்கு முன்னால ஹேஷ் (#) போடு. அது செயலில் இருக்கற வரைக்கும், ஏறின மாட்யூல்களைப் பட்டியல் போடற ஹெச்டிடிபிடி மைனஸ் பெரிய எம்-கூட ஓடாது. ஏபிஆர்-யூடில்-மைஎஸ்க்யூஎல் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணு. இதை மறந்தா மாட்யூல் ஏறிரும், ஆனா 'கேன்ட் லோட் டிரைவர் ஃபைல் ஏபிஆர்_டிபிடி_மைஎஸ்க்யூஎல்.எஸ்ஓ'ன்னு வரும். அப்புறம் மைனஸ் எம் பட்டியலில் டிபிடி_மாட்யூல், ஆத்ன்_டிபிடி_மாட்யூல் ரெண்டும் இருக்குதான்னு பாரு. டேட்டாபேஸ் விவரம் சொல்ற டிபிடிரைவர், டிபிடிபேராம்ஸ் ரெண்டையும் டைரக்டரி பிளாக்குக்கு வெளியே, விர்ச்சுவல்ஹோஸ்ட் மட்டத்தில் எழுது. உள்ளே ஆத்பேசிக்புரொவைடர் டிபிடி, அப்புறம் பாஸ்வேர்டு எடுக்கற செலக்ட் வரி, ரிக்வயர் வேலிட்-யூசர் (பாஸ்வேர்டு சரியா இருந்தாத்தான் உள்ளே விடற வரி). செலக்ட் வரியில் யூசர் பேர் வர்ற இடமான பர்சன்ட் எஸ்-ஐச் சுத்தித் தனியா மேற்கோள் குறி போடாதே, அதை அதுவே பார்த்துக்கும்.

இதில் உண்மையான தலைவலி மாட்யூல் இல்லை, டேபிளில் இருக்கற பாஸ்வேர்டு. பாஸ்வேர்டை மறைச்சு வைக்கற முறைகளில் அப்பாச்சிக்குப் புரியறது பிகிரிப்ட், அதோட சொந்த எம்டி5, 'எஸ்ஹெச்ஏ' அடைப்புக்குறியோட இருக்கறது, அப்புறம் கிரிப்ட். உன் டேபிளில் வெறும் எஸ்ஹெச்ஏ1 ஹெக்ஸா இருந்தா, அன்ஹெக்ஸ் பண்ணி, டு_பேஸ்64 போட்டு, முன்னால நெளி அடைப்புக்குறிக்குள்ள எஸ்ஹெச்ஏ-ன்னு கான்கேட் பண்ணிக்கலாம். நட்சத்திரக் குறியில் ஆரம்பிச்சு மொத்தம் 41 எழுத்து இருந்தா, அது மைஎஸ்க்யூஎல்-லோட பாஸ்வேர்டு ஃபங்ஷன் செஞ்சது. எஸ்ஹெச்ஏ1-ஐ ரெண்டு தடவை ஓட்டினது அது, மாத்த வழியில்லை. பனியன் கம்பெனியில் எத்தனை பேர், நாப்பது பேர் இருப்பாங்களா? எல்லாருக்கும் ஹெச்டிபாஸ்வேர்டில் பெரிய பி ஆப்ஷன் போட்டுப் புதுசா பிகிரிப்ட் செஞ்சு கொடுத்துரு.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். 'லோட்மாட்யூலோட எல்லா வரியையும் இஃப்மாட்யூலுக்குள்ள போட்டா எர்ரர் போயிருச்சு, சர்வர் ஏறிருச்சு'ன்னு கடைசியில் எழுதியிருக்கியே, அதை இன்னிக்குப் பொழுதோடவே எடு. மாட்யூல் இல்லைன்னா அந்தப் பிளாக்கு மொத்தத்தையும் அப்பாச்சி சத்தமில்லாம தாண்டிப் போயிரும், உள்ளே இருக்கற ரிக்வயரையும் சேர்த்து. உன் ஆர்டர் டைரக்டரி இப்ப பாஸ்வேர்டே இல்லாம திறந்து கிடக்குதுன்னு அர்த்தம். பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட எதையும் இஃப்மாட்யூலில் வைக்கக் கூடாது. ஏறலைன்னா ஏறாமலே கிடக்கட்டும்.

புது மெஷினில் எஸ்இலினக்ஸ் (ஒவ்வொரு ஃபைலுக்கும் லேபிள் ஒட்டி, யார் தொடலாம்னு பார்க்கற காவல்) ஓடுது. பின்னால எப்பவாச்சும் வேற மாட்யூலை நீயே கட்டி, ஹோம் டைரக்டரியிலிருந்து எம்வி (நகர்த்தல்) பண்ணினா, ஹோமோட லேபிளையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும். ரூட்டா இருந்தும் 'பர்மிஷன் டிநைடு'ன்னு வந்தா எல்எஸ் மைனஸ் பெரிய இசட் போட்டுப் பாரு, லேபிளைச் சரிபண்ணற ரெஸ்டோர்கான் ஒரு தடவை ஓட்டு. சிபி (நகல்) பண்ணினா புது இடத்து லேபிள் தானா வந்துரும். எஸ்இலினக்ஸையே அணைச்சுட்டுப் போறது நம்ம ஊர்ப் பழக்கம், நீ பண்ணாதே.

எஞ்சின்எக்ஸ் (இன்னொரு வெப் சர்வர்) பத்தியும் ஒரு வரி கேட்டிருந்தே. அங்கே 'வெர்ஷன் 1018000 இன்ஸ்டெட் ஆஃப் 1020001'ங்கற மாதிரி வரும். 1.18-க்குக் கட்டின மாட்யூலை 1.20.1-ல் போட்டிருக்காங்கன்னு அப்படியே படிச்சுக்கலாம். ஓடற அதே வெர்ஷன் சோர்ஸை எடுத்து வித்-காம்பேட் ஆப்ஷனோட கட்டணும். லோட்_மாட்யூல் வரி ஃபைலோட தலையில், ஈவென்ட்ஸ் பிளாக்குக்கு மேலேயே இருக்கணும்.

வேலையை முடிச்சுட்டு ரீஸ்டார்ட்டுக்கு முன்னால, கான்ஃபிக் சரியான்னு பார்க்கற கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டு. ஓடிக்கிட்டிருக்கற சர்வர் பழைய ஃபைலை மெமரியில் பிடிச்சுக்கிட்டே நல்லா ஓடும், ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் சாயம் வெளுக்கும். எல்லாம் ஆனதும் கர்ல்-ல பாஸ்வேர்டு இல்லாம அந்தப் பக்கத்தைக் கேட்டுப் பாரு, 401 (அனுமதி இல்லை) வரணும். 200 (பக்கம் கிடைச்சிருச்சு) வந்தா எனக்குப் போன் போடு, ராத்திரி எந்நேரம்னாலும் சரி.

கமாண்டெல்லாம் தமிழில் எழுதியிருக்கேன், அடிக்கும்போது நீயே மாத்திக்க. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு.

உன்,
பங்காளி