விருது கொடுத்துவிட்டீர்கள், படத்தை எப்போது போடுவீர்கள்?

சமூகக் காணொளி விழாக் குழுவினருக்கும், இதே மாதிரி விழா நடத்துகிற மற்ற குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். என்னை நீங்கள் மேடையில் பார்த்திருக்க மாட்டீர்கள். அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால், லேப்டாப்புக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே கேபிள்களோடு உட்கார்ந்திருக்கிற ஆள் நான். சாதாரண மக்களே தங்கள் வாழ்க்கையையும் ஊரையும் பற்றி எடுத்து விழாவுக்கு அனுப்புகிற குறும்படங்களைப் பல வருடமாக ஓட்டிக் கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது, அதைக் கேட்டும் இந்த மடலை எழுதவில்லை. விழாவுக்கு வருகிற எல்லாப் படங்களையும் முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறவர்கள் இரண்டே தரப்புதான்: நடுவர்கள், அப்புறம் படம் ஓட்டுகிறவன். நடுவர்கள் தீர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது நான்.

போன விழாவில் முதல் பரிசு வாங்கிய படத்தை எடுத்துக்கொள்வோம். தையல் வேலை செய்கிற ஒரு அம்மாவைப் பற்றியது. அவருடைய மகள் போனில் எடுத்த படம், 11 நிமிடம். முதல் ஆறு நிமிடமும் தையல் மெஷின் சத்தம் விடாமல் ஓடுகிறது. மகள் என்ன கேட்டாலும் அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் பதில் வருகிறது, பாதி வார்த்தை காதில் விழாது. ஏழாவது நிமிடத்தில் மகள் கேட்கிறாள்: "அப்பா திரும்பி வந்தா என்னம்மா பண்ணுவே?" அம்மா பெடலிலிருந்து காலை எடுக்கிறார். சக்கரம் மட்டும் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்குகிறது. அதற்கப்புறம் 40 விநாடி ஒரு சத்தமும் இல்லை. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. நூல் முனையை விரலில் சுற்றுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுற்றுகிறார். பதில் சொல்லாமலே பெடலை மிதிக்கிறார்.

அந்த 40 விநாடிதான் படம். பரிசுக்கான காரணமாக நடுவர்களும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

பரிசளிப்பு அன்று என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். வந்த பிறகு பேச்சு, அதற்குப் பதில் பேச்சு. நேரம் போய்விட்டது என்று, விருது பெற்ற 5 படங்களிலிருந்தும் துண்டுகளை எடுத்து ஒட்டிய 3 நிமிடத் தொகுப்பைப் போடச் சொன்னீர்கள். தொகுப்பை வெட்டியவர் நல்ல எடிட்டர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் விறுவிறுப்பாக ஒரு இசையை ஓடவிட்டிருந்தார். அந்த அம்மா காலை எடுக்கிறார், சக்கரம் நிற்கிறது, இசை பாட்டுக்கு டமடமவென்று போய்க்கொண்டே இருக்கிறது. நாலு விநாடியில் அடுத்த படத்தின் காட்சி வந்துவிட்டது. கைதட்டல் வேறு. பட்டனை அழுத்தியவன் நான், அதனால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த அம்மா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "முழுப் படமும் எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டார். "முந்தாநாளே போட்டாச்சும்மா, காலையில 11 மணிக்கு" என்றேன். "அந்த நேரம் நான் வேலையில இருப்பேனே" என்றார். கோபமெல்லாம் இல்லை. பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மகள் போனில் காட்டியிருப்பாளே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டும் விட்டேன். "காட்டினா. ஆனா நாலு பேரோட உட்கார்ந்து பார்க்கணும்ல" என்றார். விழா எதற்கு என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம், அறிக்கைகூட எழுதியிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமாக நம்மில் யாரும் சொன்னதில்லை.

அந்தக் காலைக் காட்சிக்கு வந்தவர்களை எண்ணி வைத்திருக்கிறேன்: 14 பேர். அதில் 6 பேர் அடுத்தடுத்த படங்களை எடுத்தவர்கள், தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள். அந்த 14 பேருக்காவது மெஷின் நிற்கிற இடத்தில் அரங்கு எப்படி அமைதியானது என்று தெரியும். இருமல் வந்த ஒருவர் வெளியே எழுந்து போய் இருமினார்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: விருது பெற்ற படங்களை, விருது அறிவித்த பிறகு, ஒரு விநாடிகூட வெட்டாமல், வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய நேரத்தில் மறுபடி போடுங்கள்.

நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஆஸ்கர் விதியின்படி, பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் அது குறும்படம். நமக்கு வருகிறவை அதில் பாதிகூட இருப்பதில்லை. போன முறை விருது வாங்கிய 5 படங்களின் மொத்த நீளம் 58 நிமிடம். அன்றைக்கு மேடைப் பேச்சு மட்டும் 1 மணி 10 நிமிடம் ஓடியது. என் லேப்டாப்பின் மூலையில் கடிகாரம் இருக்கிறது, வேறு வேலையும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். சிறப்பு விருந்தினரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்கொடை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கும் தெரியும். அவரையும் உட்காரவைத்துப் படத்தைப் போடுங்கள் என்கிறேன். இதுவரை வந்தவர்களில் எத்தனை பேர் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்?

பெரிய விழாக்கள் இதைச் செய்கின்றன. பிரான்ஸில் க்ளெர்மோன் ஃபெரான் நகரத்தில் நடக்கும் குறும்பட விழா, மாணவர்களின் திரைப்படக் கழகம் ஒன்றிலிருந்து வளர்ந்தது. இன்றைக்குக் குறும்படத்துக்கென்றே நடக்கும் விழாக்களில் உலகத்திலேயே பெரியது அதுதான் என்கிறார்கள். அங்கே போட்டிக்கு வந்த படங்களை ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு மூடிவைப்பதில்லை. அந்த வாரம் முழுக்க வெவ்வேறு அரங்குகளில், வெவ்வேறு நேரங்களில் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். ஒரு காட்சியை விட்டவர் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். நம்மிடம் இருப்பது ஒரே அரங்கு. இரண்டாவது தடவை ஓட்ட அது போதும்.

ஆனால் நமக்கு உண்மையான முன்மாதிரி அதைவிடப் பழையது. 1967-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர், நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இருக்கிற ஃபோகோ தீவுக்குப் போனார். மீன்பிடித் தொழில் நொடித்துக்கிடந்த காலம். தீவு மக்களை வேறு இடத்துக்குக் குடியமர்த்திவிடலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஊரைப் பற்றி ஒரே பெரிய படமாக எடுக்காமல், 27 சின்னப் படங்களாக எடுத்தார். ஒன்றில் ஒரு ஆள் பேசுவார், இன்னொன்றில் ஒரு பிரச்சினை வரும். எடுத்ததை முதலில் பார்த்தவர்கள் தீவுக்காரர்கள்தான். படத்தில் இருந்தவர்களின் சம்மதம் வாங்கிய பிறகுதான் வெளியே காட்டினார்கள். தீவின் ஒரு பக்கத்தில் இருந்தவர் என்ன நினைக்கிறார் என்பதை இன்னொரு பக்கத்தில் இருந்தவர் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பிறகு படங்கள் அரசாங்கத்துக்குப் போயின. அமைச்சர் சொன்ன பதிலையும் படமாக்கித் தீவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தீவு காலியாகவில்லை, மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். எல்லாம் படத்தால் வந்தது என்றால் அது மிகை. அந்த மக்கள் அதற்கு முன்பே முட்டிமோதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரையொருவர் திரையில் பார்த்ததற்கும் அதில் பங்கு உண்டு, அவ்வளவுதான்.

அவை ஃபிலிமில் எடுத்த படங்கள். தனி ஆள் தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய சோனியின் போர்ட்டபாக் வீடியோ கருவி வந்ததும் அதே 1967-இல்தான். அடுத்த வருடமே மாண்ட்ரீல் நகரத்தின் ஏழைக் குடியிருப்புப் பகுதி ஒன்றில், அங்கே வசித்தவர்களின் குழுவே அந்தக் கருவியைக் கையில் எடுத்துத் தெருவில் இறங்கியது. ஃபிலிமைக் கழுவக் காத்திருக்கத் தேவையில்லை, எடுத்த அன்றைக்கே எல்லாரும் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதுதான் வீடியோ மேல் அவர்களுக்கு வந்த ஆசை. சமூகக் காணொளி என்ற சொல்லில் சமூகம் வந்து சேர்ந்ததே பார்க்கிற அந்த இடத்தில்தான். எடுக்கிற வசதி இன்றைக்கு ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறது. சேர்ந்து பார்க்கிற வசதியைத் தரத்தான் நாம் இருக்கிறோம்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். நம் விதிமுறைகளில் ஒரு வரி இருக்கிறது, படம் அதற்கு முன் பொதுவில் எங்கும் திரையிடப்பட்டிருக்கக் கூடாது என்று. பெரிய போட்டி விழாக்களைப் பார்த்து நகலெடுத்த வரி அது. முதல் திரையிடல் எங்களிடம்தான் என்று சொல்வதில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. செய்தியாளர்கள் வருவார்கள், படத்தை வாங்குகிறவர்கள் வருவார்கள். நமக்கு யார் வருகிறார்கள்? இந்த வரியை நம்பி ஒரு பையன், தன் தெருவைப் பற்றி எடுத்த படத்தை 8 மாதம் அந்தத் தெருவிலேயே காட்டாமல் வைத்திருந்தான். படத்தில் பேசியவர்களில் இரண்டு குடும்பம் அதற்குள் வீடு மாறிப் போய்விட்டது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். முடிந்தால் தலைகீழாக எழுதுங்கள்: படத்தில் இருப்பவர்களுக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள் என்று.

அப்புறம், விருதுப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று யாராவது பார்த்தீர்களா? ஆரம்ப கால விழாக்களின் படங்கள் MiniDV என்ற சின்ன வீடியோ கேசட்டுகளில், அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. போட்டுப் பார்க்க ஓடுகிற டெக் இல்லை. இது நம் அலமாரியின் கதை மட்டுமில்லை. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் 2019-இல் ஒரு எச்சரிக்கைத் திட்டமே தொடங்கின. ஓட்டுகிற கருவிகளும் உதிரி பாகங்களும் தீர்ந்துகொண்டிருப்பதால், 2025 வாக்கில் நாடாவில் இருப்பவற்றைக் கணினிக்கு மாற்றுவது பல இடங்களில் முடியாமல் போகலாம் என்று சொன்னார்கள். அந்த வருடமும் வந்துவிட்டது.

புதிய படங்களின் கதி இன்னும் மோசம். அவை கேசட்டில்கூட இல்லை, பாஸ்வேர்டு போட்ட லிங்க்கில் இருக்கின்றன. இரண்டு வருடம் முந்தைய லிங்க்குகளைத் திறந்து பார்த்தேன். பாதி திறக்கவில்லை. கேடயம் மட்டும் யார் வீட்டு அலமாரியிலோ பத்திரமாக இருக்கும். விருது அறிவித்த அன்றைக்கே, எடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு அசல் ஃபைலை வாங்கி, இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். செலவு கேடயத்தைவிடப் பெரிதாக வராது.

ஒலி பற்றியும் எழுதலாம் என்று நினைத்தேன். ஒரு படம் காதைப் பிளக்கும், அடுத்தது முணுமுணுக்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் வரும். ஆனால் அது என் வேலை. காட்சிக்கு முந்தின நாள் அரங்கின் சாவியை என்னிடம் கொடுத்தால் நானே சரிபார்த்துக்கொள்கிறேன். காலை 10:50-க்குச் சாவி கொடுத்து 11 மணிக்குப் படம் ஓட்டச் சொன்னால் என்னால் முடியாது.

அந்த 5 படங்களின் அசல் ஃபைல்களும் என்னிடம் இருக்கின்றன. எடுத்தவர்களிடம் பேசிவிட்டேன், நால்வர் உடனே சரி என்றார்கள். தையல்கார அம்மாவின் மகள் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள்: கிழமை எதுவானாலும் பரவாயில்லை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு முன் அம்மாவால் வர முடியாது. அரங்கு எந்தச் சாயங்காலம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள், நாற்காலி போடுவதற்கும் ஆள் சேர்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் தன்னார்வலர்