அக்டோபர் அறிவிப்பும் மெடிகேர் கெடுக்களும்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் பல ஊர்களிலும் தமிழ்ச் சங்கங்களை நடத்திவரும் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

அக்டோபர் பிறந்தால், முக்கியமாக 65 வயது நிறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றிச் சங்க மின்மடல்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓர் அறிவிப்பு வலம் வரத் தொடங்கிவிடும். "மெடிகேரில் சேரும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. 65 வயது நிறைந்தவர்கள் தவறவிட வேண்டாம்." நல்ல எண்ணத்தில்தான் போடுகிறீர்கள். ஆனால் இதை நம்பிக் காத்திருப்பவருக்கு நட்டம்தான். அந்த 54 நாட்களும் ஏற்கெனவே மெடிகேரில் இருப்பவர்கள் மருந்துத் திட்டத்தையோ, மெடிகேர் பயன்களைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் அட்வான்டேஜ் திட்டத்தையோ மாற்றிக்கொள்வதற்கு உரியவை. மாற்றம் ஜனவரி 1 முதல் நடப்புக்கு வரும். மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ, டாக்டர் செலவுக்கான பார்ட் பி இரண்டிலும் முதன்முறையாகச் சேர்வதற்கான காலம் இது அல்ல.

புதிதாகச் சேருபவரின் கெடு அவரவர் வாழ்க்கையில் உள்ள ஒரு தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. அது பிறந்த தேதியாக இருக்கலாம், வேலையை விட்ட தேதியாக இருக்கலாம், பெற்றோராக வந்தவருக்கு இங்கே வந்து ஐந்து ஆண்டு நிறையும் தேதியாக இருக்கலாம். உங்கள் அறிவிப்பில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எங்கள் குறை.

முதலில் பிறந்த தேதி. 65 நிறையும் மாதம், அதற்கு முந்தைய மூன்று மாதம், பிந்தைய மூன்று மாதம் என மொத்தம் ஏழு மாதம் தரப்படுகிறது. 1961 ஜூன் 14 அன்று பிறந்தவருக்கு 2026 மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பதிந்தால் ஜூன் 1 முதல் காப்பீடு உண்டு. அதற்குப் பிறகு பதிந்தால், பதிந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியில் தொடங்கும். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு எல்லாமே ஒரு மாதம் முன்னால் நகரும்: ஜூன் 1 என்றால் மே 1-இலேயே காப்பீடு தொடங்கலாம், ஏழு மாதம் ஆகஸ்டோடு முடிந்துவிடும். நம் பெரியவர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட ஜூன் முதல் தேதிதான் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. உண்மையில் ஆவணியில் பிறந்திருந்தாலும், மெடிகேருக்குப் பதிந்துகொள்ளும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பார்ப்பது ஆவணத்தில் உள்ள தேதியைத்தான்.

இன்னொரு குழப்பம் 67. 1960-லும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டியின் முழு ஓய்வூதிய வயது 67 என்பதால், மெடிகேரும் அப்போதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். மெடிகேரின் வயது மாறவே இல்லை, 65தான். 65-க்கு நான்கு மாதம் முன்பே ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவருக்கு அட்டை தானாகவே வீட்டுக்கு வரும். ஓய்வூதியத்தை 67 வரை தள்ளிப்போட்டவர் தாமே விண்ணப்பிக்க வேண்டும், யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

தவறவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வாய்ப்பு ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையிலான பொதுச் சேர்க்கைக் காலம். அதோடு, தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பார்ட் பி பிரீமியத்தில் 10 சதவீதம் அபராதம், பார்ட் பி இருக்கும்வரை. மேலே சொன்ன ஜூன் 14-காரர் 2029 மார்ச்சில் சேர்ந்தால் 30 மாதத் தாமதம். அதில் முழு ஆண்டு இரண்டு, ஆகவே 20 சதவீதம். 2026-இன் அடிப்படைப் பிரீமியமான 202.90 டாலரை வைத்துப் பார்த்தால் மாதம் 40 டாலருக்கு மேல் கூடுதல். பிரீமியம் ஏற ஏற அபராதமும் ஏறும்.

வேலையில் தொடர்பவர்களுக்கு விலக்கு உண்டு. தம் வேலை அல்லது வாழ்க்கைத்துணையின் வேலை வழியாக, 20 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் காப்பீடு இருந்தால் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். 20 பேருக்குக் குறைந்த நிறுவனம் என்றால் 65-இலேயே சேர்ந்துவிடுவதுதான் பத்திரம். அங்கே மெடிகேர்தான் முதலில் பணம் தர வேண்டியது, நிறுவனக் காப்பீடு அதன் பிறகுதான் தரும் என்பதால் சேராதவர் தலையில் பில் விழும். மகன் அல்லது மகளின் அலுவலகக் காப்பீட்டில் பெற்றோர் பெயர் இருந்தாலும் அது இந்த விலக்கில் சேராது.

வேலையோ காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ அதிலிருந்து எட்டு மாதத்துக்குள் பார்ட் பி-யில் சேர வேண்டும். படிவங்கள் இரண்டு: விண்ணப்பம் சிஎம்எஸ்-40பி, நிறுவனம் கையெழுத்திட்டுத் தர வேண்டியது சிஎம்எஸ்-எல்564. இரண்டாவதை வேலையில் இருக்கும்போதே ஹெச்.ஆரிடம் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நிறுவனம் கைமாறிய பிறகு அதில் கையெழுத்துப் போட ஆள் தேடி அலைய நேரும்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது, வேலை போன பிறகும் நிறுவனக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரவிடும் கோப்ராவில்தான். ஐ.டி. வேலை போகிறது, நிறுவனம் 18 மாதம் கோப்ரா தருகிறது, "காப்பீடுதான் இருக்கிறதே" என்று இருந்துவிடுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் கோப்ரா வேலைவழிக் காப்பீடு அல்ல. 66 வயதுக்காரர் ஒருவருக்கு 2026 டிசம்பர் 31 அன்று வேலை முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மாதக் கெடு 2027 ஆகஸ்ட் 31 அன்று தீர்ந்துவிடும். கோப்ரா ஓடுவதோ 2028 ஜூன் 30 வரை. ஜூலையில் அவர் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போனால், 2029 ஜனவரியில் வாருங்கள் என்பார்கள். அப்போது பதிந்தால் பிப்ரவரி 1 முதல்தான் பார்ட் பி. இடையில் ஏழு மாதம் டாக்டர் செலவுக்குப் பார்ட் பி கிடையாது. அபராதம் தனி. கோப்ரா இருந்த காலத்திலும் நிம்மதி இல்லை. மெடிகேர் தந்திருக்க வேண்டிய பங்கைக் கழித்துக்கொண்டுதான் கோப்ரா பணம் தரக்கூடும்.

மருத்துவச் செலவுக்கு வரிச்சலுகையுடன் சேமிக்கும் ஹெச்.எஸ்.ஏ. கணக்கில் பணம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 65 கடந்து விண்ணப்பித்தால் பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். அந்த மாதங்களில் போட்ட பணத்துக்கு வரிச் சிக்கல் வரும். விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

இனி, பிள்ளைகள் அழைத்து கிரீன் கார்டில் வந்த பெற்றோர். சங்க விழாக்களில் முன்வரிசையில் அமர்பவர்கள் இவர்கள்தான், அறிவிப்புகள் அதிகம் கைவிடுவதும் இவர்களைத்தான். இவர்களுக்கு 65 வயது மட்டும் போதாது. விண்ணப்பிப்பதற்கு முன் தொடர்ந்து ஐந்து ஆண்டு அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். ஐந்து நிறையும் மாதத்தை ஒட்டித்தான் அந்த ஏழு மாதக் கணக்கு வரும். இடையில் ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் தொடர்ச்சி பற்றிய கேள்வி எழும். விமான டிக்கெட்டுகளையும் பழைய பாஸ்போர்ட்டையும் தூக்கி எறியாதீர்கள் என்று சொல்லுங்கள்.

பணக்கணக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்க 40 கிரெடிட், அதாவது சுமார் பத்தாண்டு இங்கே வரி கட்டிய உழைப்பு வேண்டும். தம்முடையதோ வாழ்க்கைத்துணையினுடையதோ கணக்கில் வரும். பிள்ளைகளின் உழைப்பு வராது. இந்தியாவில் முப்பது ஆண்டு அரசுப் பணி பார்த்திருந்தாலும் அதைச் சேர்த்துக்கொள்ள இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. கிரெடிட் இல்லாதவர் 2026-இல் பார்ட் ஏ-க்கு 565 டாலர், பார்ட் பி-க்கு 202.90, ஆக மாதம் 767.90 டாலர் கட்ட வேண்டும். தம்பதி என்றால் இரட்டிப்பு. பார்ட் பி மட்டும் தனியே வாங்கலாம், பார்ட் ஏ மட்டும் விலைக்கு வாங்க முடியாது. இந்தத் தொகையைப் பார்த்து மலைத்து, அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வாங்கிய காப்பீட்டிலேயே தங்கிவிடும் குடும்பங்கள் உண்டு. அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த ஆண்டுகள் பார்ட் பி அபராதத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். வருமானம் மிகக் குறைவு என்றால் மாநிலத்தின் மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராமில் விண்ணப்பிக்கலாம். தகுதி கிடைத்தால் பார்ட் பி பிரீமியத்தை மாநிலமே கட்டும், தாமத அபராதமும் நீங்கும். தகுதி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஆறு மாதம் கோயம்புத்தூர், ஆறு மாதம் டாலஸ் என்று வாழ்பவர்கள், "இந்தியாவில் மெடிகேர் செல்லாதே, பார்ட் பி-யை நிறுத்திவிடலாமா?" என்று கேட்பார்கள். இந்தியாவில் செல்லாது என்பது சரி. நிறுத்தினால் திரும்பச் சேரும்போது ஜனவரிக் காத்திருப்பும் அபராதமும் உண்டு. அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர் அதன் சேவைப் பகுதியை விட்டுத் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், பொதுவாகத் திட்டமே பெயரை நீக்கிவிடும்.

மருந்துக்கான பார்ட் டி-யில் 63 நாள் விதி இருக்கிறது. ஈடான மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் போய்விட்டால், விட்டுப்போன ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்த அடிப்படை 38.99 டாலர், 14 மாதம் விட்டவருக்கு மாதம் ஏறக்குறைய 5.50 டாலர். தொகை சிறிது, ஆனால் தீராதது. ஒரு மாத்திரைகூட எடுக்காதவரும் மலிவான திட்டம் ஒன்றில் சேர்ந்திருப்பது நல்லது.

மெடிகேர் தராமல் விடும் பங்கை ஈடுகட்டும் தனியார் காப்பீடான மெடிகேப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் பேசுவார் குறைவு, எங்கள் கணிப்பில் திரும்பப் பெற முடியாத இழப்பு இங்கேதான். 65 நிறைந்து பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை எந்த மெடிகேப் நிறுவனமும் சர்க்கரை, இதய நோய் எதைக் காட்டியும் மறுக்கவோ கூடுதல் கட்டணம் கேட்கவோ முடியாது. அதன் பிறகு நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் உடல்நலக் கேள்வித்தாள் வரும், மறுக்கவும் செய்வார்கள். முதலில் மலிவான அட்வான்டேஜில் இருந்துவிட்டு, நோய் வந்தால் மெடிகேப்புக்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கு இதனால்தான் பொய்த்துப்போகிறது. 65-இல் முதன்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு 12 மாதத்துக்குள் அதை விட்டு மெடிகேப்புக்கு மாறும் உரிமை உண்டு.

ஆகவே எங்கள் கோரிக்கைகள். அக்டோபர் அறிவிப்பில், "ஏற்கெனவே மெடிகேரில் இருப்பவர்கள் திட்டம் மாற்ற" என்ற சொற்களைச் சேருங்கள். ஜனவரி முதல் வாரத்தில், பொங்கல் விழா அழைப்போடு, பொதுச் சேர்க்கைக் காலம் பற்றித் தனியாக ஓர் அறிவிப்புப் போடுங்கள். விழாக்களில் காப்பீட்டு முகவர்கள் விளம்பரதாரர்களாக வருவதில் தப்பில்லை, அவர்களுக்குத் திட்டங்கள் தெரியும். ஆனால் அவர்கள் கமிஷன் பெறுபவர்கள் என்பதைப் பேச்சுக்கு முன் அறிவித்துவிடுங்கள். விளக்கக் கூட்டத்துக்கு ஷிப் ஆலோசகரை அழையுங்கள். மத்திய அரசின் நிதியில் எல்லா மாநிலங்களிலும் இயங்கும் இலவச ஆலோசனை அது. கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் ஹைகேப் என்பார்கள், வாஷிங்டன் மாநிலத்தில் ஷிபா. ஆங்கிலத்தில் தடுமாறும் பெரியவர்கள் 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பேசியவரின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அரசு ஊழியர் தவறான தகவல் சொல்லி அதனால் கெடு தவறியது என்று காட்ட முடிந்தால், திருத்தித் தரச் சொல்லிக் கேட்க அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

அன்புடன்,
மெடிகேர் ஆலோசனைத் தமிழ்த் தன்னார்வலர்கள் சிலர்